தொண்ணூறு மில்லி

கஜபதியைக் கம்பெனியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘சேப்பு டப்பா’ என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. எழுபது பேர் வேலை செய்தோம். நான் ஸ்டோர்ஸில் கிளார்க். கஜபதி இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைசல் முடிந்து வருகிற சாமான்களை அளந்து பார்ப்பது அவன் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சை டப்பாவில் போடுவான். ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தால் சிவப்பு டப்பாதான். மேனேஜருடைய தங்கை மகன் அப்ரென்டிஸாக வந்து கடைந்த முதல் நாற்பது சாமானையும் சிவப்பில் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் போல டீ குடிக்கப் போனவன் அவன். மேனேஜர் கூப்பிட்டு, “ஒண்ணு ரெண்டாவது தேறாதாப்பா?” என்று கேட்டபோது, “தேறினா நான் ஏன் சார் போடப் போறேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கோபமே வராது.

பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் அவன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவன் ஐ.டி.ஐ. படித்து எண்பத்து நாலில் எங்கள் கம்பெனிக்கு வந்தான். மெலிந்த உடம்பு, பெரிய காது, நடக்கும்போது எதையோ எண்ணிக்கொண்டு போவது போல ஒரு நடை.

அவன் குடிக்க மாட்டான். அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. கள்ளுக்கடை திறந்திருந்த நாளில் கூட்டாளிகளோடு போய் அரை சொம்பு கள் குடித்திருக்கிறான். அரை மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டுத்தான் மூச்சு சீரானது. அதோடு சரி. ஆனால் பாரில் உட்காருவது அவனுக்குப் பிடிக்கும். ஒரு பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டபடி சைடு டிஷ்ஷைத் தட்டுத் தட்டாகக் காலி பண்ணுவான்.

தொண்ணூறில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் திருமழிசை, பேர் சாமுண்டீஸ்வரி. அவள் அப்பா குடித்தே செத்தவர். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அந்தப் பெண் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்கவில்லை. “குடிப்பாரா?” என்று மட்டும் கேட்டாளாம். கஜபதி தன் கள்ளுக் கதையை வீக்கத்தோடு சேர்த்து முழுசாகச் சொல்லியிருக்கிறான். சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்று மூன்றில் நடந்தது. அப்போது அவர்களுக்கு ஒன்றரை வயதில் பத்மா என்று ஒரு பெண் குழந்தை.

எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு சண்டைதான் நடக்கும். எந்த ஊர் பார் உசத்தி என்பது. உத்தமன் பூந்தமல்லிக்காரன், லேத்து ஓட்டுகிறவன். உலகநாதன் ஆவடி, அப்பா டாங்கி ஃபேக்டரியில் இருந்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், எங்களில் மூத்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எத்திராஜ் ஐயப்பன்தாங்கல். இந்த மூன்று பேரும் டிபன் பாக்ஸைத் திறக்கிறபோது ஆரம்பித்தால் சங்கு ஊதுகிற வரை விட மாட்டார்கள்.

“எங்க ஊர்ல கீத்துக் கொட்டாய். மேல ஓல, கீழ மணலு. காத்து சும்மா பிச்சிக்கினு வரும். உங்க ஆவடியில இன்னா கீது, மாடி மேல ஏறணும். ஏறிட்டா எறங்க முடியாது” என்பான் எத்திராஜ்.

“ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கவும் தெரியும் வே” என்பார் உலகநாதன். “நாலு ஃபேன் ஓடுது. டேபிள்ல ரெக்ஸின். அங்க உக்காந்தா ஒரு மரியாதை. உம்ம கொட்டாயில மழை பேஞ்சா கிளாஸ்ல தண்ணி ஊத்த வேண்டியதில்ல, தானா ரொம்பிரும்.”

உத்தமன் இரண்டு பேரையும் மதிக்கவே மாட்டான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பார் அவன் அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் நடத்துவது. ஆட்டுக்குடலில் செய்கிற போட்டி வறுவலுக்கு அங்கே தனிப் பேர். “எங்க மாமா கட போட்டி வறுவல் துன்ன வாயால நீங்க வேற எதனா துன்னுவீங்களா சொல்லு. அத்த பேசு மொதல்ல.”

நான் எந்தக் கட்சியும் இல்லை. எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

ஒருநாள் எத்திராஜ்தான் அந்த யோசனையைச் சொன்னான். மூன்று சனிக்கிழமை, மூன்று பார். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரும் போவது. யாராவது ஒருவர் மார்க் போட வேண்டும். எந்த பார் ஜெயிக்கிறதோ அங்கேதான் மூன்று பேரும் ஒரு வருஷத்துக்குக் குடிக்க வேண்டும்.

“மார்க்கு யாரு போடறது?” என்றான் உத்தமன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கஜபதியைப் பார்த்தார்கள். அவன் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

“நான் குடிக்க மாட்டனே” என்றான்.

“அதான் மாமே வோணும்” என்றான் உத்தமன். “குடிச்சவன் எல்லாத்துக்கும் நல்லா கீதுன்னுவான்.”

அன்று சாயங்காலம் வீட்டில் சாமுண்டீஸ்வரியிடம் கஜபதி எதையும் மறைக்கவில்லை. “மூணு வாரம் சனிக்கெழம பாருக்குப் போறேன். குடிக்கறதுக்கு இல்ல. மார்க்கு போட” என்றான்.  அவள் அப்பாவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணத்தோடுதான் போவார். கோயில் கமிட்டி என்பார், ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். மார்க் போட என்று மட்டும் அவர் சொன்னதில்லை. அதனால் அந்த முறை விட்டுவிட்டாள்.

முதல் சனிக்கிழமை ஐயப்பன்தாங்கல். கீற்றுக் கொட்டகை எத்திராஜ் சொன்னது போலத்தான் இருந்தது. கஜபதி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தான். உட்காரும் இடம், சுத்தம், சைடு டிஷ், ஆளுங்க பேச்சு. நெத்திலி வறுவல் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு பத்துக்கு எட்டரை போட்டான். பின்பக்கம் ஒதுங்கப் போனவன் திரும்பி வந்து சுத்தத்துக்கு ஒன்றே ஒன்று போட்டான். எத்திராஜ் எவ்வளவோ வாதாடினான். “அங்க போயி நீயே பாரு” என்றதோடு முடித்துக்கொண்டான் கஜபதி.

அப்போதுதான் அவன் கண் கிளாஸ்கள் மேல் போனது. அந்த நாளில் முழு குவார்ட்டர் வாங்காதவர்கள் கட்டிங் வாங்குவார்கள். தொண்ணூறு மில்லி. பாட்டிலிலிருந்து ஒரு பித்தளைக் கிண்ணியில் அளந்து கிளாஸில் ஊற்றுவார்கள். உத்தமன் கிளாஸிலும் உலகநாதன் கிளாஸிலும் மட்டம் ஒன்றாக இல்லை. ஒரு கிளாஸ் அடி கனம், இன்னொன்று அடி மெலிசு என்று நான் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் நோட்டில் ஐந்தாவதாக ‘அளவு’ என்று எழுதி ஒரு கோடு போட்டான்.

வீட்டில் மில்லிக் கணக்குக்குக் கோடு போட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பத்மாவின் பால் புட்டி. குழந்தை டம்ளருக்குப் பழகிவிட்டதால் அது அலமாரியில் சும்மா கிடந்தது. முப்பது, அறுபது, தொண்ணூறு என்று வரிசையாகச் சிவப்புக் கோடு, நடுவில் ஐந்து ஐந்துக்குச் சின்னக் கோடு. அடுத்த சனிக்கிழமை அதை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஆவடி மாடி பாரில் அவன் அதை எடுத்து மேஜைமேல் வைத்ததும் பக்கத்து மேஜை ஆள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தான். உலகநாதனுக்கு மானம் போனது. “எய்யா, இது மரியாதைப்பட்ட இடம்யா” என்று காதோடு சொன்னார். கஜபதி கட்டிங்கை புட்டியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, திரும்பக் கிளாஸில் ஊற்றி அவரிடம் கொடுத்தான். “தொண்ணூறு. கரெக்டா கீது.” உலகநாதனுக்குப் போன மானம் திரும்பி வந்தது. அந்த மாடி பார் அளவுக்குப் பத்துக்குப் பத்து வாங்கியது. சுண்டலுக்கு மூன்றுதான். வேகவே இல்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. முதல் வாரம் அளக்காமல் விட்ட ஐயப்பன்தாங்கலை அப்படியே விட அவன் மனசு ஒப்பவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து எத்திராஜைக் கூட்டிக்கொண்டு மறுபடி போய் அளந்தான். எண்பத்தெட்டு. இரண்டு மில்லி மன்னிக்கலாம் என்று எழுதிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து புட்டியை சோப்பு போட்டுக் கழுவி அலமாரியில் வைத்தான். ஆனால் பாரிலிருந்து வரும்போது அதைச் சூப்புகிற ரப்பரோடு மூடி எடுத்து வந்திருந்தான். கண்ணாடி வாசனையை விட்டுவிடும், ரப்பர் விடாது. வியாழக்கிழமை காலையில் சாமுண்டீஸ்வரி அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

அன்றும் மறுநாளும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், தண்ணி வைத்தாள். வெள்ளிக்கிழமை படுக்கப் போகும்போது மட்டும், “நாளைக்கு எங்க?” என்றாள். “பூந்தமல்லி. பஸ் ஸ்டாண்டு பின்னால, தேவராஜ் கட” என்றான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

மூன்றாவது சனிக்கிழமை தேவராஜ் எங்களை மாப்பிள்ளை வீட்டாரை மாதிரி வரவேற்றார். பழைய அரிசி மண்டியைத்தான் பாராக்கியிருந்தார். கையில் தங்கச் சங்கிலி, நெற்றியில் சந்தனம். ஜன்னலோர மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். சப்ளையர் துலுக்கானம் என்று ஒரு நடுத்தர வயசுக்காரர். ஒரு கையில் ஆறு கிளாஸைப் பிடித்துக்கொண்டு வந்தார். உத்தமன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

போட்டி வறுவல் வந்தது. கஜபதி ஒரு வாய் சாப்பிட்டு, பேசாமல் நோட்டைத் திறந்து பத்து போட்டான். இரண்டாவது வாய் சாப்பிட்டுவிட்டு, பத்துக்கு மேல் போட முடியாதே என்று யோசிப்பவன் போல என்னைப் பார்த்தான். உட்கார இடம் ஒன்பது. சுத்தம் ஏழு. ஆளுங்க பேச்சு ஒன்பது. உத்தமன் ஜெயித்துவிட்டான் என்றே நாங்கள் நினைத்தோம். அவன் எத்திராஜைப் பார்த்து, “இனிமே நீ பூந்தமல்லி பஸ்ஸுக்குப் பாஸ் எடுத்துக்க” என்றுகூடச் சொல்லிவிட்டான்.

கஜபதி புட்டியை எடுத்தான். உத்தமனின் கட்டிங்கை ஊற்றினான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். திரும்ப ஊற்றிவிட்டு எத்திராஜின் கட்டிங்கை ஊற்றிப் பார்த்தான். பிறகு என்னுடையதை. அவன் காது மெல்லச் சிவந்தது.

“இன்னா மாமே, எவ்ளோ?” என்றான் உத்தமன்.

கஜபதி புட்டியை மறுபடி வெளிச்சத்தில் திருப்பினான். சிவப்பு டப்பாவில் போடும்போது ஒருநாளும் தயங்காதவன் அன்று தயங்கியதை நான் பார்த்தேன். உத்தமன் அவன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவன்.

அந்த நேரத்தில்தான் வாசல் பக்கம் பேச்சு அடங்கியது. ஒவ்வொரு மேஜையாக அடங்கி எங்கள் மேஜை வரை வந்தது. சாமுண்டீஸ்வரி இடுப்பில் குழந்தையும் தோளில் ஒரு துணிப் பையுமாக நடுவில் நின்றாள். பகல் மூன்று மணிக்கு அந்த இடத்துக்குள் ஒரு பொம்பளை வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். இரண்டு பேர் பீடியை அணைத்தார்கள். ஒருவர் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

அவள் பார்த்தது இதுதான்: ஜன்னலோரம் அவள் புருஷன், கையில் குழந்தையின் பால் புட்டி, அதில் பிராந்தி.

“ரப்பர் போடலியா?” என்றாள். குரல் உயரவில்லை. “அப்புடியே குடிச்சா சட்டையில ஊத்திக்குவ.”

“சாமுண்டி, நான் குடிக்கல. அளக்கறேன்.”

“அளக்கறியா. எவ்ளோ கீது?”

 அவள் கையை நீட்டிப் புட்டியை வாங்கினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ராத்திரி பகல் பார்க்காமல் அந்தப் புட்டியில் பால் கலந்தவள். வெளிச்சத்துக்குக்கூடத் தூக்கவில்லை.

“எழுவத்தஞ்சு” என்றாள். “எவ்ளோ இருக்கணும்?”

“தொண்ணூறும்மா” என்று மூன்றாவது மேஜையிலிருந்து ஒரு ஆள் மெதுவாகச் சொன்னார்.

 எல்லோரும் தங்கள் கிளாஸையே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். ஒரு மெக்கானிக் தான் மூன்று வருஷமாக அங்கே குடிப்பதாகச் சொல்லி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். தேவராஜ் கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

“எல்லாம் இந்தத் துலுக்கானம் பண்ண வேல. கிண்ணிய கீழ போட்டு நசுக்கிட்டான். நான் பாக்கல. இன்னியோட இவனுக்கு இங்க வேல இல்ல” என்றார். துலுக்கானம் ஆறு கிளாஸோடு அப்படியே நின்றார். 

கஜபதி எழுந்தான். “அந்தக் கிண்ணிய குடு” என்றான்.

கொண்டுவந்து கொடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தான். கட்டை விரலால் அடியைத் தடவினான். எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு சாமானைத் தடவிப் பார்க்கிற விரல் அது.

“கீழ வுழுந்தா ஓரந்தான் நசுங்கும்” என்றான். “இதுல ஓரம் ஒண்ணும் ஆவல. அடியில நடு சென்டர்ல வட்டமா உள்ள போயிருக்குது. கட்ட மேல கவுத்து வெச்சி சுத்தியால அடிச்சிருக்காங்க. நிதானமா அடிச்சிருக்காங்க. இவரு அடிச்சது இல்ல.” துலுக்கானத்தைக் காட்டினான். “இவரு கடைக்குச் சொந்தக்காரரு இல்ல.”

உத்தமன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான். தன் கட்டிங்கை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

தேவராஜ் வியாபாரி. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று உடனே புரிந்துகொண்டார். “கொறஞ்ச பதினஞ்ச எல்லாருக்கும் ஊத்திடறேன்” என்று அறிவித்தார். யார் அளப்பது என்று கேள்வி வந்தது. அவரை யாரும் நம்பவில்லை. கடைசியில் கஜபதிதான் புட்டியோடு மேஜை மேஜையாகப் போய்ப் பதினைந்து பதினைந்தாக ஊற்றினான். குவார்ட்டர் வாங்கியவர்களும், வெறும் ஆம்லெட் சாப்பிட்டவர்களும், பஸ் ஸ்டாண்டிலிருந்து சத்தம் கேட்டு வந்தவர்களும் கிளாஸை நீட்டினார்கள். யாருக்குக் கட்டிங், யாருக்கு இல்லை என்று துலுக்கானம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வேலை போகவில்லை.

அதுவரை சாமுண்டீஸ்வரி எங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். உலகநாதன் குழந்தைக்கு அவித்த முட்டை வாங்கிக் கொடுத்து, “தாயி, கொஞ்சம் சாப்பிடுங்க” என்று அவளுக்குப் போட்டி வறுவல் தட்டை நகர்த்தினார். அவள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். “பத்தா?” என்றாள். “எங்கூட்ல செஞ்சா எவ்ளோன்னு கேளுங்கண்ணே, சொல்ல மாட்டாரு.” அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மேல் நடந்ததைக் கஜபதி பிறகு எனக்குச் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றபோது அவள் தோள் பையை வாங்கிக்கொண்டான். கனமாக இருந்தது.

“இன்னாது இது?”

“புள்ள துணி. என்து ரெண்டு பொடவ.”

“எதுக்கு?”

அவள் எதிர்ப் பக்கம் நின்ற திருமழிசை பஸ்ஸைப் பார்த்தாள். “நீ குடிச்சிக்கினு இருந்தா அந்த பஸ்ல ஏறியிருப்பேன்” என்றாள். “எங்கம்மா மாதிரி இருவது வருசம் நான் ஒக்காந்து பாக்க மாட்டேன்.”

 மூன்று வாரமாக அவள் மனசுக்குள் இது ஓடிக்கொண்டிருந்தது என்பதே கஜபதிக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஆவடி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும். நின்றார்கள். பஸ் வந்ததும் அவன், “அந்தப் புட்டிய தூக்கிப் போட்டுடறேன்” என்றான். “போட வேணாம், ஒரு நாளு வெந்நீர்ல போட்டா சரியாயிடும்” என்றாளாம்.

திங்கட்கிழமை கஜபதி தீர்ப்பு சொன்னான். மொத்த மார்க்கில் ஆவடி அரை மார்க்கில் முதல், ஐயப்பன்தாங்கல் இரண்டாவது. அளவு தப்பிய இடத்துக்கு மற்ற மார்க் எதுவும் செல்லாது என்று பூந்தமல்லியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உலகநாதன் ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தார். ஆனால் ஒரு வருஷம் ஆவடிக்குப் போக வேண்டும் என்ற பந்தயத்தை எத்திராஜ் இரண்டே சனிக்கிழமையில் மறந்துவிட்டான். பஸ் கிடைக்கவில்லை என்றான்.

உத்தமன் அந்தத் தீர்ப்பைக் கேட்க வரவில்லை. லேத்துப் பக்கத்திலேயே சாப்பிட்டான். ஏழு மாசம் கஜபதியோடு பேசவில்லை. கடைந்த சாமானை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். அக்கா வீட்டில் அவனுக்கு எவ்வளவு பேச்சு விழுந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கஜபதிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. “நான் சொன்னது தப்பா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். இல்லை என்றேன். “அப்புறம் ஏன் இப்படி கீது?” என்றான். 

ஆனால் தேவராஜ் விஷயம் வேறு மாதிரி போனது. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரமே அவர் புதுப் பால் புட்டி ஒன்று வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று துலுக்கானம் எல்லா மேஜையிலும் சொன்னார். முதலில் சிரித்தார்கள், பிறகு அளந்தார்கள், பிறகு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ‘புட்டிக் கடை’ என்று பேர் வந்துவிட்டது. திருவேற்காட்டிலிருந்தும் குமணன்சாவடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஏழாவது மாசம் ஒருநாள் மதியம் உத்தமன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். கஜபதியைப் பார்க்காமல், “எங்க மாமா கடையில இப்ப நிக்கக்கூட எடமில்ல” என்றான். பிறகு தன் பாக்ஸிலிருந்து ஒரு வறுத்த மீனை எடுத்துக் கஜபதியின் சோற்று மேல் வைத்தான். கஜபதி அதை உடனே சாப்பிட்டான். அப்புறம் எத்திராஜ் கீற்றுக் கொட்டகையைப் பற்றி ஏதோ சொல்ல, சங்கு ஊதுகிற வரை சண்டை நடந்தது.

தொண்ணூற்றாறு கடைசியில் கஜபதியும் சாமுண்டீஸ்வரியும் திருமழிசையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் இரண்டு பேர் எந்த ஊர் பார் நல்ல பார் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். “பூந்தமல்லி புட்டிக் கடைதாம்பா. அளவு தப்பவே தப்பாது. ஒரு வாட்டி ஒரு பொம்பள அருவாளோட உள்ள பூந்து, ஓனரு சட்டைய புடிச்சி, ஒரு பேரல் பிராந்திய தரையில கொட்டிட்டுப் போச்சி. அன்னிலேந்து ஆளு திருந்திட்டான்” என்றான் ஒருவன். “நீ பாத்தியா?” என்றான் மற்றவன். “பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்” என்றான் முதல் ஆள்.

சாமுண்டீஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். கஜபதி திரும்பி அந்த ஆளைத் திருத்தப் போனான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“நம்ப ஸ்டாப்பு வருது, எறங்கு” என்றாள்.

பருத்திப்பட்டில் இறங்கினார்கள். தூங்கிப்போயிருந்த பத்மாவை அவன் தோளில் போட்டுக்கொண்டான்.